குணசுந்தரி மணலில் போட்ட வலை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் குப்பத்தில் போய்க் கேட்டாலும் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். பெண் படகில் ஏறக் கூடாது. மீனைக் கூறு போடலாம், ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தலாம், வலைக்குச் சிக்கெடுக்கலாம், படகு வாங்கக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றியும் கொடுக்கலாம். ஏற மட்டும் கூடாது. குணசுந்தரி நாற்பத்தாறு வயது வரைக்கும் இதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டதில்லை. அதற்கு அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

விடியும் முன்னால் காசிமேடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு எம்.கே.பி. நகர். அந்தப் பக்கத்தில் அவள் குரலைத் தெரியாத வீடு கிடையாது. "சங்கரா கண்ணாடி மாரி கீது, வந்து பாரு, புடிக்கலன்னா போ" என்று அவள் எடுத்துவிட்டால் மூன்றாவது மாடியில் ஜன்னல் திறக்கும். மீன் நேற்று பிடித்ததா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "என்னிக்கி செத்துச்சின்னு அதையே கேளு, வாய் தொறந்துதான கீது" என்பாள். புருஷன் கருணாகரன் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். வந்தால் தூங்குவான். எர்ணாவூருக்கு வடக்கே, ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் அவர்கள் வீடு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், மிச்சமிருக்கும் பக்கமெல்லாம் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும்.

அவளை நடக்க வைத்தது சர்க்கரை. காலில் முள் குத்திய புண் ஆறாமல் கிடக்க, மருந்தகத்து டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொன்னார்.

"நாள் பூரா நடக்கிறவள நடன்னு சொல்றியேம்மா."

"தலையில கூடை இல்லாம நடங்க."

அதே வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்த அஜீசுன்னிசாவுக்கும் அதே தீர்ப்பு. ராயபுரத்தில் கப்பல் உடைசல் சாமான் விற்கிற கடை அவளுடையது, வீடு எர்ணாவூரில். கணக்காகப் பேசுகிறவள், கனத்த உடம்பு, யாரையும் 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். இரண்டு பேருமாகக் காலையில் கடற்கரையோரம் நடக்க ஆரம்பித்தார்கள். வியாபாரத்தைக் குணசுந்தரி கொஞ்சம் தாமதமாக வைத்துக்கொண்டாள்.

தலையில் கூடை இல்லாமல் அந்தக் கரையில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் போகப் போகத்தான் உறைத்தது. கூடை இருந்தால் கழுத்து திரும்பாது. எதிரே இருக்கிற பாதை மட்டும்தான் தெரியும். பறவை என்றால் கூடையில் பாய்கிற காக்கா, பருந்து, திருட்டுப் பசங்கள். இப்போது கழுத்து திரும்பியது.

"இன்னாடி அது, கொக்கா?" என்றாள் அஜீசுன்னிசா, கழிமுகச் சேற்றைக் காட்டி.

"கொக்குக்குக் காலு அப்டியா கீது? ரோஸ் கலர் குச்சி மேல நிக்க வச்சாப்ல கீது பாரு."

"சர்க்கர இல்லாத காலு. அதான் அம்மாம் நீளமா கீது."

அடுத்த வாரம் அஜீசுன்னிசா கடையிலிருந்து ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்தாள். எந்தக் கப்பலில் எந்த மாலுமி கழுத்தில் தொங்கியதோ, ஒரு கண்ணில் பூஞ்சை படர்ந்திருந்தது. மறு கண் வழியாகக் குணசுந்தரி பார்த்தாள். அந்த ரோஸ் கால் நெடுங்காலி ஒன்று சேற்றில் அலகை நுழைத்து எதையோ உருவி எடுத்தது. அது நெளிவது வரைக்கும் தெரிந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தபோது உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாகத் தின்றுகொண்டே இருந்தன. வடக்கே புறப்படப் போகின்றன என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு காலையில் மணலில் சின்னச் சின்னத் துடுப்புக் கோடுகளாகத் தண்ணீர் வரைக்கும் தடம் இருந்தது. ஆமைக் குஞ்சுகள். அவற்றில் வழி தவறியவை நெடுஞ்சாலை விளக்கைப் பார்த்து எதிர்ப்பக்கம் போயிருந்தன. இரண்டு பெண்களும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து அலையில் விட்டார்கள். அன்றைக்கு எம்.கே.பி. நகரில் மீன் வராத வீடுகள் ஏசின. அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கயாக் வந்தது வெள்ளத்தோடு. அந்த வருஷக் கார்த்திகைப் புயலில் ஆற்றுத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அப்போது மீட்க வந்தவர்கள் சிலர் ஓரிருவர் உட்காரும் மஞ்சள் பிளாஸ்டிக் கயாக்குகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று வால் பக்கம் விரிசல் விட்டுவிட, அதைத் துடுப்போடு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். குப்பத்துச் சிறுசுகள் அதில் தண்ணீர் நிரப்பிக் குளித்தன. அப்புறம் யாரோ கோழி அடைத்தார்கள். சேற்றில் நிற்கும் பறவைகளைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்த ஒரு நாள், குணசுந்தரி கோழிகளை வெளியே விரட்டினாள். உடைந்த பக்கெட் ஒன்றை உருக்கி, காய்ச்சிய கம்பியால் விரிசலில் தடவி ஒட்டினாள். கழிமுகத்தில் தள்ளி ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் கவிழ்ந்தாள். தண்ணீர் இடுப்பளவுதான். கரையில் அஜீசுன்னிசா யா அல்லா யா அல்லா என்று அரற்றிக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டியாடி?"

"இன்னும் இல்ல. சேறு கலீஜா கீது, அவ்ளோதான்."

நாலாவது முறை நேராக உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. மின்கம்பக் கோபுரங்களின் அடியில் போனால் நீர்க்காகங்கள் சிறகை விரித்துத் துணி காயப்போட்டதுபோல நிற்கும். கண்டல் செடிகளின் வேரில் கண் முழித்த சேற்றுமீன்கள் காலால் நடப்பதுபோலத் துள்ளும். கூழைக்கடாக்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது நம்மோடு போட்டிக்கு வராது என்று தெரிந்ததுபோல மீன்பிடிப்பைத் தொடரும். அனல் மின்நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீர் வருகிற பக்கம் துடுப்பு கனக்கும். அங்கே எதுவும் இருக்காது. அந்தப் பக்கமும் அவள் போவாள். எதுவும் இல்லாததையும் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

குப்பம் முதலில் சிரித்தது. நேவி வருது, ஒதுங்குங்க என்று வாலிபப் பசங்கள் சல்யூட் அடித்தார்கள். அப்புறம் ஃபைபர் போட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஊர்த் தலைவர் தேசப்பன் ஒரு நாள் வலை பின்னும் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். கருணாகரனுக்குப் பெரியப்பா முறை. அவளுக்கு மாமா.

"இன்னாமே இது, ஊர்ல இல்லாத பழக்கம்?"

"இது போட்டா மாமா? இதுல கோழி அடச்சி வச்சிருந்தீங்க. அப்ப யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஆத்தோட நிறுத்திக்கோ. கடல் பக்கம் மூக்க நீட்டாத."

அவள் ஆற்றோடு நிறுத்திக்கொண்டாள். தலைவருக்குப் பயந்து அல்ல. கடலில் அந்த டப்பா தாங்காது.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்க, ஆம்பளைகள் வீட்டில் கிடந்தார்கள். தடைக்காலம் என்றால் குப்பத்தில் கிரிக்கெட் டோர்னமென்ட். அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்து டீம்கள் வரும், ஆளுயரக் கோப்பை வரும், மைக் செட் வரும். அம்பயர் எப்போதும் கருணாகரன்தான். கடலில் தூரத்துப் படகைப் பெயர் சொல்லும் கண் என்பதால் அவன் அவுட் கொடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். நடத்துகிறவன் ரஞ்சித், குணசுந்தரியின் அக்கா மகன், விசைப்படகில் வலை இழுக்கிறவன். இந்த வருடம் ஆட இடமில்லை. எப்போதும் ஆடுகிற நெடுஞ்சாலையோர மைதானத்தைப் போன மழைக்காலத்தில் ஏதோ கம்பெனி வேலி போட்டு வளைத்துக்கொண்டது. கன்டெய்னர் யார்டு வரப்போகிறது என்றார்கள். அதனால் ரஞ்சித், முகத்துவாரத்தில் தூர்வாரிக் கொட்டிய மணல் திட்டைப் பிடித்தான். கோடையில் தண்ணீர் வற்றி, திட்டுக்கு நடந்தே போகலாம். பசங்கள் சுண்ணாம்பில் எல்லைக் கோடு போட்டார்கள்.

அந்தத் திட்டில்தான் ஆலாக்கள் இருந்தன.

சின்ன ஆலாக்கள். ஒரு சாண் நீளம், கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு. குணசுந்தரி அவற்றைக் கயாக்கிலிருந்து பங்குனிக் கடைசியிலேயே பார்த்திருந்தாள். ஆண் பட்சி அலகில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும். பெண் பட்சி திரும்பிக்கூடப் பார்க்காது. அது சுற்றிச் சுற்றி வந்து குனிந்து நிமிர்ந்து காட்டும். சின்ன மீனாக இருந்தால் இது எழுந்து பறந்துவிடும். இதைப் பார்த்துத் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அவள் தனியாகச் சிரித்திருக்கிறாள். பிறகு கூடு. அதைக் கூடு என்றே சொல்ல முடியாது. வெறும் மணலில் நெஞ்சால் தேய்த்த ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கூழாங்கல் என்றே கால் வைத்துவிடுவார்கள். ரஞ்சித்தின் பிட்ச் அவற்றுக்கு நடுவே ஓடியது.

அவள் ரஞ்சித்திடம் போனாள்.

"அந்தத் திட்டுல முட்ட வச்சிகினு கீது ஆலா. வேற எடம் பாரு."

"முட்டதான? ஆம்லேட் போட்டுர்லாம் சித்தி."

"கிண்டல் பண்ணாத. குஞ்சு பொரிச்சிப் பறக்கட்டும், அப்பால ஆடு."

"அது பறக்கறதுக்குள்ள தடைக்காலம் முடிஞ்சிடும், நாங்க கடலுக்குப் பூடுவோம். நோட்டீஸ் அடிச்சாச்சி. எல்லா டீமுக்கும் சொல்லியாச்சி. நாங்க எங்க போறது, சொல்லு? எங்க பாத்தாலும் செவுரு. இந்த ஊர்ல பந்து ஒர்ளறதுக்கு எடம் கீதா?"

அவன் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக விட்டுவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இந்தக் கரையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மணலில் கிடக்கும் வலையை, அதற்கு உடையவர் சொல்லாமல் அடுத்தவர் தொடக் கூடாது. செருப்புக் காலோடு தாண்டக் கூடாது. நாள் கணக்கில் கிடந்தாலும், நடுவழியில் கிடந்தாலும், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். புயலில் அடித்துக்கொண்டு வந்த வலையைக்கூட எடுத்து வைத்துவிட்டு ஆளைத் தேடுவார்கள். வலையில் கை வைத்தவனைப் படகில் யாரும் ஏற்றமாட்டார்கள்.

குணசுந்தரியிடம் ஒரு வலை இருந்தது. கல்யாணத்தின்போது அப்பா சீதனமாகக் கொடுத்த நண்டு வலை. மறுநாள் காலை அதைக் கயாக்கின் முன்னால் அடுக்கிக்கொண்டு திட்டுக்குப் போனாள். அதை விரிக்கவில்லை, விரித்தால் நாளைக்குக் குஞ்சின் கால் சிக்கும். முறுக்கி, நாலு விரல் கனத்துக்கு வடம்போலத் திரித்து, முட்டைகள் கிடக்கிற பகுதியைச் சுற்றி மணலில் கிடத்தினாள். ஆலாக்கள் தலைக்கு மேலே கீச்சிட்டுக்கொண்டு பாய்ந்தன. முதுகில் எச்சமிட்டன. "உனக்குத்தாண்டி செய்றேன், சனியனே" என்று திட்டிக்கொண்டே முடித்தாள்.

பசங்கள் வந்து பார்த்தார்கள். பிட்ச்சின் ஒரு முனை வலைக்குள் இருந்தது. யாரும் தாண்டவில்லை. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு யோசித்தான். பக்கத்திலிருந்தவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அன்றைக்கு வீட்டில் கருணாகரன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஊரு மொத்தம் சிரிக்கிது. பட்சிக்கு வல போட்டு வேலி கட்டிகீறா என் பொண்டாட்டின்னு. எப்ப எடுக்கப் போற?"

"பறந்ததுக்கு அப்றம்."

"அம்பயரா போய் நான் எங்க நிக்கிறது?"

"வலைக்கு வெளிய."

அவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான்.

ரஞ்சித் பொறுத்துப் பார்த்தான். டோர்னமென்ட்டுக்கு முந்தின வாரம், ஒரு காலையில் குணசுந்தரி கயாக்கைக் கழிமுகத்தின் வளைவில் திருப்பியபோது, திட்டின் மேல் ஆலாக்கள் புகைபோலச் சுழன்றுகொண்டிருந்தன. ரஞ்சித் வலையின் ஒரு முனையைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். கூட வந்தவர்கள் தொடாமல் தள்ளி நின்றார்கள். வடமாகத் திரித்த வலை மணலை உழுதுகொண்டு வந்தது. பறவைகள் அவன் தலையில் மாறி மாறிக் கொத்தின. அவன் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"ரஞ்சித்து!"

அவள் குரல் எம்.கே.பி. நகரின் மூன்றாவது மாடிக்குக் கேட்கிற குரல். அவன் வலையைக் கீழே போட்டான். அவள் இறங்கி ஓடினாள். வலை போன தடத்தில் சில குழிகள் தட்டையாகக் கிடந்தன. மஞ்சள் கரு மணலில் ஒட்டியிருந்தது. ஒரு பறவை அந்த இடத்திலேயே வந்து இறங்கி, நெஞ்சைப் பதித்து, இல்லாத முட்டையின் மேல் உட்கார்ந்தது. குணசுந்தரி அதைப் பார்த்தாள். பிறகு ரஞ்சித்தைப் பார்த்தாள். ஏசவில்லை. நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலை வலைக் கூடத்தில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போலத் தூண்களுக்கு அப்பால் நின்றார்கள். வீட்டுக்காக வீட்டு ஆம்பளை பேசுவான் என்பது முறை. வட்டத்துக்கு நடுவில் நண்டு வலை கிடந்தது.

"ரஞ்சித்து, மணல்ல கெடந்த வலைய தொட்டியா, இல்லியா?" என்றார் தேசப்பன்.

"அது வலையா தலைவரே? பட்சிக்குப் போட்ட வேலி."

"வலையா, இல்லியா?"

ரஞ்சித் தலையைக் குனிந்துகொண்டான். "வலதான்."

"கருணாகரா, இது யாரு வல? உன்னுதா?"

எல்லோரும் கருணாகரனைப் பார்த்தார்கள். தன்னுடையது, தான் போடவில்லை என்று அவன் சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். பல வருஷமாக அந்த வலையை அவன்தான் கடலில் இறக்கியவன்.

"அவுளுது. அவ அப்பன் குட்த்தது."

"அப்ப தப்பு தப்புதான். ரஞ்சித்து, நீயே தூக்கினு போய் இருந்த எடத்துல போடு. இனிமே உடையவ எடுக்கிற வரைக்கும் எவனும் அதுல கை வைக்கக் கூடாது. எல்லாரும் கேட்டீங்களா?"

ரஞ்சித் எழுந்தான். "தப்புதான். போட்டுர்றேன்" என்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடி அடங்கியது. பெண்கள் பக்கத்தில் யாரோ குணசுந்தரியின் கையைக் கிள்ளினார்கள்.

தேசப்பன் கையை உயர்த்தினார். "இரு, இன்னும் முடியல. இன்னொண்ணு கீது. பொம்பள தண்ணில எறங்கினதுலேர்ந்து ஃபைபர் போட்டு வல காலியா வருதுன்னு ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. ஊர் அந்தத் திட்ட அவுளுக்கு உட்டுக் குடுக்கும். டோர்னமென்ட்டு வேற எங்கியாவது. பதிலுக்கு அவ அந்த டப்பாவுல ஏறக் கூடாது. இன்னியோட கடைசி. இன்னா சொல்ற கருணாகரா?"

நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். தலைகள் அசைந்தன. கருணாகரன் மனைவி இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை.

"சரி பெரியப்பா."

"நான் சரின்னு சொல்லல."

குரல் தூணுக்கு அப்பாலிருந்து வந்தது. குணசுந்தரி வட்டத்துக்குள் வந்து வலைக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த இடத்தில் பெண் நின்று யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நெளிந்தார்கள்.

"இன்னாமே, ஆம்பள பேசிகினு கீறான்ல?" என்றார் தேசப்பன்.

"அவரு அவருக்குப் பேசனாரு. வல என்னுது, வாயும் என்னுது. மாமா, இப்ப நீ இன்னா சொன்ன? உடையவ எடுக்கிற வரைக்கும் அதுல எவனும் கை வைக்கக் கூடாதுன்ன. அவனும் தப்ப ஒத்துக்கினான், ஊரும் கேட்டுச்சி. அப்ப அந்தத் திட்டுக்கு காவல் என் வல. நீ இல்ல. என் வலையால வந்தத எனக்கே குட்த்துட்டு, பதிலுக்கு என் தண்ணியக் கேக்கிறியே, இது இன்னா யாவாரம்? காசிமேட்டு ஏலத்துல இப்டிக் கேட்டா ஓட உட்ருவாங்க."

முதலில் சிரித்தது பெண்கள். அப்புறம் அடக்க முடியாமல் ஃபைபர் போட்டுக்காரர்களில் இரண்டு மூன்று பேர். தேசப்பனின் முகம் சிவந்தது.

"வல காலியா வருதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"காலியா வருதா? ஆத்துல சாம்பல கொட்டினது நானா? வெள்ளத்தோட எண்ணெய உட்டது நானா? கடல்ல ஆலா எங்க வுளுதுன்னு பாத்துதான எல்லாரும் வல போடறீங்க? அது வுளுந்தாதான் மீன் கீதுன்னு அர்த்தம். அது வுளுந்து காட்டி நீங்க சோறு துன்னுவீங்க. அது முட்டைக்கு ஒரு பொம்பள காவல் நின்னா மீன் போயிடுமா? யாருகிட்ட கத சொல்றீங்க?"

"அப்ப ஏறுவ."

"ஏறுவேன். காலைல போவேன். நாளைக்கும் போவேன்."

"வரி வாங்க மாட்டோம்" என்றார் தேசப்பன்.

அம்மன் திருவிழாவுக்கு ஊர் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று பொருள். அந்த வாசலில் சாமி நிற்காது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. கருணாகரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வாங்காத" என்றாள் குணசுந்தரி. வலையைக் காட்டி ரஞ்சித்திடம், "தூக்கு. இருட்டறதுக்குள்ள போட்டுரணும்" என்றாள்.

வலையைச் சுமந்துகொண்டு ரஞ்சித் முன்னால் நடந்தான். அவள் முட்டைகள் எங்கே என்று காட்டிக்கொண்டு பின்னால் போனாள். மணலில் வடத்தைக் கிடத்தி முடித்ததும் அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. கோபத்தில்.

"உன் பட்சிக்கு எடம் வாங்கிக்கின. எங்களுக்கு?"

"உங்க கிரவுண்டு எங்க போச்சி?"

"தெரியாத மாரி கேக்கற. வேலி போட்டுட்டான்ல."

"உள்ள இன்னா வச்சிகீறான்?"

"ஒண்ணும் இல்ல. முள்ளுச் செடிதான்."

"அத வேலி போட்டவன் கைல ஒரு வார்த்த கேட்டியா? கேக்கல. முட்ட மேல குந்திகினு கீற பட்சிகிட்ட வந்து வீரம் காட்ற."

அவன் கையிலிருந்த மணலை உதறிக்கொண்டு போனான். அவளும் வீட்டுக்குப் போனாள். கருணாகரன் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. காசிமேட்டில் படகில் படுத்துக்கொண்டான். வந்த பிறகும் சோறு போட்டால் சாப்பிட்டான், வார்த்தை மட்டும் இல்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்தபோது அவள் குடத்துக்கு இடம் விடாமல் நின்றார்கள். அவள் தள்ளிக்கொண்டு நின்றாள். தினமும் கயாக்கைத் தள்ளினாள். கரையிலிருந்து யாரும் சல்யூட் அடிக்கவில்லை.

டோர்னமென்ட் அன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, திட்டை ஒட்டி மெதுவாகத் துடுப்புப் போட்டபோது, ஒரு குழியில் மணலே கொஞ்சம் நகர்ந்ததுபோல இருந்தது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். பஞ்சுபோல ஒரு குஞ்சு. மணலில் புள்ளி வைத்த நிறம். தாய் ஒரு மீனைக் கொண்டுவந்து நீட்டியது. குஞ்சின் வாயை விட மீன் பெரியது. குஞ்சு அதை விழுங்கப் பார்த்தது, துப்பியது, மறுபடி விழுங்கியது. வால் வெளியே துருத்திக்கொண்டிருக்க அப்படியே தூங்கிப்போனது. குணசுந்தரி மூச்சை வெளியே விட்டாள்.

அப்போதுதான் மைக் சத்தம் கேட்டது. கடல் பக்கமிருந்து அல்ல, நெடுஞ்சாலைப் பக்கமிருந்து.

கயாக்கைத் திருப்பினாள். கரையேறிப் பார்த்தபோது, வளைத்த மைதானத்தின் கம்பி வேலி ஒரு பக்கம் பாய்போலச் சுருட்டிக் கிடந்தது. முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். ஸ்டம்பு நட்டிருந்தது. ரஞ்சித் மைக்கைப் பிடித்துக்கொண்டு டீம்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டைக் காவலாளிகள் நாலைந்து பேர் தடியோடு நின்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய கம்பெனி அதிகாரி ஒருவர் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் சாலையோரமாக நின்று பார்த்தார்கள். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால், வெள்ளைத் தொப்பி போட்டுக் கருணாகரன் தனியாக நின்றான்.

குணசுந்தரி ஈரப் புடவையோடு, கையில் துடுப்போடு சுருட்டிய வேலியைத் தாண்டினாள். பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு அஜீசுன்னிசா மூச்சிரைக்க வந்தாள்.

"ஏம்மா, பொம்பளைங்க உள்ள வரக் கூடாது" என்றார் அதிகாரி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறக் கூடாது, பேசக் கூடாது, உள்ள வரவும் கூடாதா? அஜீசு, கேட்டியா?"

"எனக்கு முட்டி வலிக்கிது. நான் இங்கியே குந்திக்கிறேன்" என்று அஜீசுன்னிசா பிட்ச் ஓரத்தில் குடையோடு உட்கார்ந்தாள்.

"இது பிரைவேட் பிராப்பர்டி. கேஸ் போட்டுருவோம்."

"போடு. பேரு குணசுந்தரி. இந்தக் குப்பந்தான். ஊர்ல வரி வாங்க மாட்டாங்க, ஆனா ஊரு இதான்." அவள் துடுப்பைக் காவலாளிகளுக்குக் குறுக்கே மணலில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாலையோரத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி வேலியைத் தாண்டினாள். அப்புறம் இன்னொருத்தி. தேசப்பன் தாண்டவில்லை. ஆனால் போகவும் இல்லை.

காவலாளிகள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி போனைப் பார்த்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பவுலர் அம்பயரைப் பார்த்தான்.

கருணாகரன் மனைவியைப் பார்க்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பவுலரை நிறுத்தி வைக்க நீட்டியிருந்த கையை இறக்கினான்.

"போட்றா பால."